பிளஸ் ஓரிடம், பெல்லட் வேறிடம்: ஏர் ரைஃபிள் ஸ்கோப் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பது

ஏர் ரைஃபிளில் ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கி, மாட்டிய முதல் வாரத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். சுடுவது, தப்பினால் மேல் குமிழைத் திருகுவது, மறுபடி தப்பினால் பக்கக் குமிழைத் திருகுவது, அதற்கும் மசியாவிட்டால் பெல்லட்டை, அதாவது சுடுகிற குண்டை, குறை சொல்வது, கடைசியில் விற்ற கடைக்காரரைத் திட்டுவது. நானும் அப்படித்தான் ஒரு டப்பா பெல்லட்டைக் காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பு மண்ணுக்குள் புதைத்தேன். இப்போது பாலக்கோட்டிலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ தெரிந்த பையன்கள் போன் போட்டு "அண்ணா, ஸ்கோப் போச்சுண்ணா" என்றால் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. எத்தனை மீட்டர்? எத்தனை மடங்கு ஜூம்? பாதிப் பேரிடம் இரண்டுக்கும் பதில் இருக்காது. அங்கேயே கோளாறு பாதி பிடிபட்டுவிடும், ஏனென்றால் ரெட்டிகிள் என்கிற அந்தப் பிளஸ் கோடு வெறும் குறி பார்க்கிற புள்ளி மட்டும் கிடையாது, கண்ணாடிக்குள் வரைந்து வைத்த அளவுகோல். எந்தத் தூரத்துக்கு எந்தக் கோடு என்று தெரியாமல் பார்த்தால் அது சும்மா கோடுதான்.

கீழே வரும் கணக்கெல்லாம் என் துப்பாக்கியை வைத்து. 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், 0.54 கிராம் பெல்லட், வேகம் நொடிக்கு 200 மீட்டர் சுமார், ஆக ஆற்றல் 11 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருந்தால் உரிமம் வேண்டாம், அந்த வகையைத்தான் பேசுகிறேன். மேலே 3-9 ஜூம், 40 மி.மீ. முன் லென்ஸ், மில்-டாட் ரெட்டிகிள் (பிளஸ் கோட்டின் மேல் சம இடைவெளியில் புள்ளி வைத்தது). உங்கள் எண்கள் கொஞ்சம் மாறும், வழி மாறாது.

இரண்டு விஷயம் முன்கூட்டியே. கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கே திரும்பினாலும் பாறை. பாறையைப் பின்னணியாக வைத்துச் சுடாதீர்கள், பெல்லட் திரும்பி வரும், எனக்கு ஒருமுறை காதோரம் விர்ரென்று போயிருக்கிறது. மண்மேடு, இல்லாவிட்டால் மணல் மூட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. அடுத்தது, தோப்புக்குள் மயில் வரும், குரங்கு வரும், இரவில் பன்றியும் வரும். அவற்றின் மேல் கைவைத்தால் 1972 வனவிலங்குச் சட்டம் நம் மேல் கைவைக்கும். இங்கே பேச்சு அட்டையையும் காலி டின்னையும் பற்றி மட்டும்.

"25 மீட்டரில் நச்சென்று விழுகிறது, 10 மீட்டரில் கீழே, 50 மீட்டரில் ரொம்பக் கீழே"

எதுவும் கெடவில்லை. குமிழைத் தொடாதீர்கள்.

ஸ்கோப் குழலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, என்னுடையதில் மையத்துக்கு மையம் 45 மி.மீ. நம் பார்வை நேர்கோட்டில் போகிறது, பெல்லட் வளைந்து போகிறது. கீழேயிருந்து கிளம்பி, பார்வைக் கோட்டைத் தொட்டு, கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி வந்து தொட்டு, அப்புறம் விழுந்துகொண்டே போகும். 25 மீட்டரில் ஜீரோ செய்தால், அதாவது பிளஸ்ஸும் பெல்லட்டும் அங்கே ஒரே இடத்தில் படும்படி குமிழை வைத்தால், எனக்கு வருவது இது. 5 மீட்டரில் 2 செ.மீ. கீழே. 10 மீட்டரில் அரை செ.மீ. கீழே. 15, 20 மீட்டரில் 5 முதல் 7 மி.மீ. மேலே, அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். 30-ல் ஒன்றரை செ.மீ. கீழே, 35-ல் 4, 40-ல் 8 செ.மீ. 50 மீட்டரில் 18 செ.மீ.க்கும் அதிகமாக இறங்கிவிடும். 40-க்கும் 50-க்கும் நடுவில் மட்டும் 10 செ.மீ.க்கு மேல் இறங்குகிறது பாருங்கள், தொல்லை எல்லாம் அந்த நீளத்தில்தான்.

இதை மில்லுக்கு மாற்றினால்தான் ரெட்டிகிள் பேச ஆரம்பிக்கும். ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மீட்டரில் 1 செ.மீ., 25-ல் இரண்டரை, 50-ல் 5 செ.மீ. மில்-டாட்டில் ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடுவரை ஒரு மில். அப்போது என் கணக்கு: 10 மீட்டருக்கு அரைப் புள்ளி, 30-க்கும் அதே அரைப் புள்ளி, 35-க்கு ஒன்று தாண்டிக் கொஞ்சம், 40-க்கு இரண்டு, 45-க்கு மூன்றை ஒட்டி, 50-க்கு நாலாவது புள்ளிக்குச் சற்று முன்னால். அத்தனைக்கும் பிளஸ்ஸுக்குக் கீழே உள்ள புள்ளியைக் குறியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால்தான் குழல் நிமிரும். மேலே உள்ள புள்ளியை வைத்துவிட்டு "இன்னும் கீழே போகுதுண்ணா" என்று சொன்னவர்கள் உண்டு.

10 மீட்டருக்கும் 30 மீட்டருக்கும் ஒரே புள்ளி என்பதைக் கவனித்தீர்களா? பெல்லட் பார்வைக் கோட்டை இரண்டு முறை தொடுவதால் வருவது அது. கிட்ட என்றால் எளிது என்று நினைத்து 5 மீட்டரில் டின்னை வைத்துத் தப்பவிட்டு முழிப்பதற்கும் இதுதான் காரணம், அங்கே நாலு மில்லுக்கு மேல் பிடிக்க வேண்டும்.

"நேற்று இரண்டாவது புள்ளியில் 40 மீட்டரில் பட்டது, இன்று அதே புள்ளியில் தலைக்கு மேல் போகிறது"

ஜூம் வளையத்தைப் பாருங்கள். நேற்று 9, இன்று 6 என்று இருக்கும்.

நம் விலைக்குக் கிடைக்கிற ஸ்கோப்களில் பெரும்பாலும் ரெட்டிகிள் இரண்டாம் குவியத் தளத்தில் இருக்கும். ஜூம் செய்தால் குறி பெரிதாகும், கோடு அதே அளவில் நிற்கும். அதனால் புள்ளிக்குப் புள்ளி ஒரு மில் என்பது ஏதோ ஒரு ஜூமில் மட்டும் உண்மை. 3-9 வகையில் பெரும்பாலும் 9-ல். 6-க்குக் குறைத்தால் ஒரு இடைவெளி ஒன்றரை மில், நாலரையில் இரண்டு, 3-ல் மூன்று மில். நீங்கள் 6-ல் இரண்டாவது புள்ளியை வைத்தால் பிடித்தது மூன்று மில். ஒரு மில் அதிகம், 40 மீட்டரில் அது 4 செ.மீ. டின்னின் கழுத்தைக் குறி வைத்தவருக்கு டின் மேலாகப் போனது ஏன் என்று இப்போது புரியும்.

முதல் குவியத் தளத்தில் கோடும் கூடவே பெரிதாகும், எந்த ஜூமிலும் மில் மில்தான். விலை அதிகம், அதோடு குறைந்த ஜூமில் கோடு முடி மாதிரி மெலிந்து மரநிழலில் காணாமல் போகும், கூடின ஜூமில் தடித்துக் குறியை மூடும். தோப்புக்குள் 50 மீட்டர் சுடுகிறவருக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை. ஜூம் வளையத்தில் உண்மையான மில் வரும் இடத்தில் ஒரு சொட்டு ஒயிட்னர் வைத்துவிட்டு, புள்ளி பிடிக்கும்போதெல்லாம் அங்கேயே திருப்பினால் போதும்.

அந்த இடம் எது என்று பெட்டியை நம்ப வேண்டாம், சோதித்துவிடுங்கள். அட்டையில் இரண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப், உள் ஓரத்திலிருந்து உள் ஓரம் சரியாக 10 செ.மீ. 25 மீட்டரில் டேப் பிடித்து அளந்து நிறுத்துங்கள். 10 செ.மீ. அங்கே நாலு மில். துப்பாக்கியை மூட்டை மேல் வைத்து, வளையத்தை மெதுவாகத் திருப்பி, நாலு இடைவெளி அந்த இரண்டு டேப்புக்குள் கச்சிதமாக உட்காரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். என்னுடையதில் 9 என்று போட்ட இடத்தைத் தொடும் முன்பே உட்கார்ந்தது. பெட்டியில் போட்டிருந்ததற்கு ஏறக்குறைய சரிதான், ஆனால் ஏறக்குறையதான்.

10 மீட்டர் போட்டி அட்டை கையில் இருந்தால் அதுவும் உதவும். அதன் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ., ஆக 10 மீட்டரில் மூன்று மில்லும் ஒரு துளியும். (அந்தப் போட்டியில் ஸ்கோப்பே கிடையாது, ஓட்டை வழியாகப் பார்க்கிற பீப் சைட்தான். நடு 10 என்பது அரை மி.மீ. புள்ளி. அதை வெறும் ஓட்டை வழியாகப் பார்த்து அடிக்கிறார்கள், நாம் ஒன்பது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் புலம்புகிறோம்.)

"கணக்குப்படி பிடித்தேன், ஜூமும் சரி, ஆனாலும் 50 மீட்டரில் 4 செ.மீ. மேலே"

இது என் சொந்தக் கதை. மாந்தோப்பில் வரிசை வரிசையாக மரம், பத்து மீட்டருக்கு ஒரு மரம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கணக்கு எளிது, ஐந்து இடைவெளி 50 மீட்டர். 25-ல் ஜீரோ செய்ததை மட்டும் டேப்பால் அளந்திருந்தேன், மற்றதற்கு மரமே அடையாளம். 50-ல் ஒவ்வொரு முறையும் 4 செ.மீ. சுமார் மேலே விழுந்தது. பெல்லட்டை மாற்றினேன். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கைக் கழற்றி மாட்டினேன். ரெட்டிகிள் பொய் சொல்கிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு நாள் பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"எவ்வளவு தூரம்னு வச்சிருக்க?"

"அம்பது மீட்டர் பெரியப்பா."

"எங்கடா அம்பது? மரத்துக்கு மரம் முப்பதடின்னு நானும் உங்கப்பனும் கயிறு புடிச்சு நட்டது. அஞ்சு முப்பது நூத்தம்பதடி. அதப் போட்டுப் பாரு."

நூற்றைம்பது அடி 45.7 மீட்டர். அந்த நாலு மீட்டர் சொச்சம்தான் 4 செ.மீ. 20 மீட்டரில் நாலு மீட்டர் தப்பினால் ஒன்றும் தெரியாது, 50-ல் தெரியும், ஏனென்றால் பெல்லட் அங்கே சரிவாக இறங்குகிறது. அன்றைக்குத்தான் ஐம்பது மீட்டர் டேப் ஒன்று வாங்கினேன்.

டேப் இல்லாத இடத்தில் ரெட்டிகிளே அளக்கும். அளவு தெரிந்த பொருளின் செ.மீ.யைப் பத்தால் பெருக்கி, எத்தனை மில் மூடுகிறது என்பதால் வகுத்தால் மீட்டர். ஒன்பது அங்குலச் செங்கல் 23 செ.மீ. நீளம். அது 4.6 மில் காட்டினால் 230-ஐ 4.6-ஆல் வகுக்க, 50 மீட்டர். ஐந்து மில்லுக்கும் மேல் என்றால் 45. மில்லின் பத்தில் ஒரு பங்கைக் கண்ணால் மதிப்பிடப் பழக வேண்டும், கொஞ்ச நாள் ஆகும். மில்-டாட் 1970களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையின் குறிசுடுநர்களுக்காக வந்தது, அவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் தூரம் பார்த்தார்கள்.

"தலையைக் கொஞ்சம் அசைத்தால் பிளஸ்ஸும் குறியின் மேல் நகர்கிறது"

பாரலாக்ஸ். கிட்டத் தூரத்தில் மக்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான், ஆனால் அதிகம் பேர் பேசாததும் இதுதான்.

குறியின் பிம்பமும் ரெட்டிகிளும் ஒரே தளத்தில் விழவில்லை என்றால் கண் நகரும்போது ஒன்று மற்றொன்றின் மேல் சறுக்கும். பஸ்ஸில் பக்க சீட்டிலிருந்து டிரைவரின் வேக முள்ளைப் பார்த்தால் வேறு எண் தெரியுமே, அது மாதிரி. பெரிய துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்பில் பாரலாக்ஸை 100 கெஜத்துக்கு நிலையாக வைத்து அனுப்புவார்கள், அதாவது 91 மீட்டர். அதை வாங்கி ஏர் ரைஃபிளில் மாட்டி 10 மீட்டரில் சுட்டால் தப்பு எவ்வளவு வரும்? முன் லென்ஸின் பாதியை, தூர வித்தியாசத்தால் பெருக்கி, நிலையான தூரத்தால் வகுக்க வேண்டும். 40 மி.மீ. லென்ஸுக்குப் பாதி 20. வித்தியாசம் 81. வகுக்க 91. ஏறக்குறைய 18 மி.மீ. கண் ஓரத்துக்குப் போனால் வரும் உச்சபட்சத் தப்பு அது, ஆனால் 10 மீட்டரில் 18 மி.மீ. என்றால் போட்டி அட்டையில் கறுப்புக்கு வெளியே. 50 மீட்டரில் அதே ஸ்கோப் 9 மி.மீ.தான் தப்பும். கிட்டே வர வர மோசமாகும் கோளாறு என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஏர் ரைஃபிளுக்கு என்று சொல்லி விற்கும் ஸ்கோப்பில் முன் லென்ஸையோ இடப்பக்கக் குமிழையோ திருப்பி 10 மீட்டர் சுற்றுக்குக் கொண்டுவரலாம். அதில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். துப்பாக்கியை மூட்டையில் அசையாமல் வைத்து, கன்னத்தை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள், பிளஸ் குறியோடு ஒட்டி நிற்கும் வரை வளையத்தைத் திருப்புங்கள். நின்ற இடத்தில் வெள்ளை டேப் ஒட்டி 10, 20, 30 என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்ப வசதியில்லாத ஸ்கோப் ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? தலையைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள், ஓரத்தில் கறுப்பு நிழல் வளையம் வரும். அது சுற்றிலும் ஒரே தடிமனாக இருந்தால் கண் நடுவில் இருக்கிறது, நடுவில் இருந்தால் பாரலாக்ஸ் தொந்தரவு செய்யாது. பார்ப்பது சின்னதாகத் தெரியும், பரவாயில்லை.

"பிளஸ்ஸே மங்கலாக, இரண்டாகத் தெரிகிறது"

கண் பக்கம் இருக்கிற டயாப்டர் வளையம். வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ பார்த்து (சூரியன் பக்கம் திரும்பவே கூடாது) இரண்டு நொடி மட்டும் பார்ப்பது, கண்ணை எடுப்பது, திருப்புவது, மறுபடி பார்ப்பது. உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானாக ஈடுகட்டிவிடும். இதைப் பாரலாக்ஸுக்கு முன்னால் செய்ய வேண்டும், பின்னால் செய்தால் அதை மறுபடி முதலிலிருந்து. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே செய்யுங்கள்.

"25-ல் நடுவில், 40-ல் வலது பக்கம், 50-ல் இன்னும் வலது"

காற்று இல்லாத நாளிலும் இப்படியா? அப்படியென்றால் பிளஸ் சாய்ந்திருக்கிறது. ரிங்கில் மாட்டும்போது ஸ்கோப் ஒரு பக்கம் திரும்பியிருக்கும், கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். ஐந்து டிகிரி சாய்வை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் 50 மீட்டருக்கு 18 செ.மீ. கீழ்க்கோட்டில் இறங்கிப் பிடிக்கும்போது அந்தக் கோடே சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் ஒன்றரை செ.மீ. தள்ளிவிடும்.

கொத்தனாரிடம் இருக்கிற இரண்டு சாமான் போதும். தூக்குக்குண்டை 20 மீட்டர் தள்ளி மரக்கிளையில் தொங்கவிடுங்கள், ஆடாமல் நிற்கட்டும். துப்பாக்கியின் ரயில் (ஸ்கோப்பைப் பூட்டும் மேல் தடம்) மேல் சின்ன ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் இருக்கும்படி துப்பாக்கியை மூட்டையில் இறுக்குங்கள். ரிங் திருகுகளைத் தளர்த்தி ஸ்கோப்பைச் சுழற்றி, நிமிர்ந்த கோடு நூலின் மேல் முழுக்கப் படியும்படி வைத்து, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தையே இறுக்கிக்கொண்டு போனால் ஸ்கோப் மறுபடி சுழலும்.

ஸ்கோப் நேராக இருந்து, நீங்கள் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தாலும் இதே மாதிரிதான் விலகும். தோளில் வைக்கும்போது துப்பாக்கியை உள்பக்கம் சாய்ப்பது பலருக்குப் பழக்கம்.

கிட்டே இடது, ஜீரோ செய்த தூரத்தில் நடு, தள்ளிப் போனால் வலது என்று குறுக்கே கடந்தால் சாய்வு கிடையாது, மவுண்ட் (ரிங்கைத் தாங்கி ரயிலில் பூட்டுவது) குழலுக்கு நேர் மேலே உட்காராமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. கழற்றி, ரயிலைத் துடைத்து, மறுபடி மாட்டுங்கள்.

காற்று இருக்கிற நாளில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். இலை சலசலக்கிற அளவு, நொடிக்கு இரண்டு மீட்டர், குறுக்கே அடித்தால் என் பெல்லட் 25 மீட்டரில் 2 செ.மீ. போகிறது, 50-ல் 7, 8 செ.மீ. ஒன்றரை மில். பக்கவாட்டுப் புள்ளிகள் அதற்குத்தான். ஆடி மாதத்தில் நான் 30 மீட்டரைத் தாண்டுவதில்லை.

"குமிழை நாலு கிளிக் திருப்பினேன், பெல்லட் நகரவேயில்லை"

மூடியில் 1/4 எம்.ஓ.ஏ. என்று போட்டிருக்கும், எம்.ஓ.ஏ. என்பது மில் மாதிரி இன்னொரு கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு கிளிக்குக்கு 100 மீட்டரில் 7 மி.மீ. நகரும் என்று அர்த்தம். 25 மீட்டரில் அது 1.8 மி.மீ., 10 மீட்டரில் 0.7. 10 மீட்டரில் 2 செ.மீ. நகர்த்த இருபத்தேழு, இருபத்தெட்டு கிளிக் வேண்டும். நாலு கிளிக் 3 மி.மீ., உங்கள் கைநடுக்கம் அதைவிட அதிகம்.

இன்னொரு குழப்பம், ரெட்டிகிள் மில்லில், குமிழ் எம்.ஓ.ஏ.யில். நம் கைக்கு வரும் விலையில் இந்தக் கலப்படம் சாதாரணம். ஒரு மில் 3.44 எம்.ஓ.ஏ., கால் எம்.ஓ.ஏ. குமிழில் ஏறக்குறைய 14 கிளிக். கண்ணாடியில் ஒன்றரைப் புள்ளி கீழே விழுந்தது என்று பார்த்தால் 21 கிளிக், அவ்வளவுதான். புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், மில் ரெட்டிகிளுக்கு 0.1 மில் குமிழ்.

இருபது கிளிக் போட்டும் நகரவில்லை, அப்புறம் இரண்டு சுட்டதும் திடீரென்று தாவியது என்றால் வேறு வியாதி. மேல் குமிழ் அதன் கடைசி எல்லைக்குப் போயிருக்கிறதா பாருங்கள். குழலை மடித்து லோடு செய்கிற துப்பாக்கிகளில் குழல் சற்றே கீழ்நோக்கி இருப்பது சகஜம், அதை ஈடுகட்ட நாம் குமிழை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போவோம். எல்லையில் ஸ்கோப்புக்கு உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்துவிடும், ஒவ்வொரு சூட்டுக்கும் ரெட்டிகிள் வேறு இடத்தில் உட்காரும். குமிழை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எண்ணிக்கொண்டே மெதுவாகத் திருப்பி, பாதிக்குக் கொண்டுவந்து வையுங்கள். மீதியை மவுண்டில் சரிசெய்ய வேண்டும். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டினால் 0.1 மி.மீ. தகடு கிடைக்கும். பின் ரிங்கின் கீழ்ப்பாதிக்குள் ஒரு தகடு வைத்தால், ரிங்குகளுக்கு நடுவே 10 செ.மீ. இருக்கும்போது, ஒரு மில் ஏறும், 25 மீட்டரில் இரண்டரை செ.மீ. பின்னால் உயர்த்தினால் பெல்லட் மேலே போகும், முன்னால் வைத்துவிடாதீர்கள். இரண்டு தகடுக்கு மேல் வேண்டியிருந்தால் ஸ்கோப் குழாய் வளையும், அதற்கென்று சரிவாகச் செய்த மவுண்ட் வாங்குவது நல்லது.

"முதல் பத்து சூடு அருமை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது"

ஒயிட்னரை எடுங்கள். மவுண்ட் முடியும் இடத்தில் மவுண்டுக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒரு கோடு, ரிங்குக்கும் ஸ்கோப் குழாய்க்கும் சேர்த்து ஒரு கோடு. இருபது சூடு சுட்டுவிட்டுப் பாருங்கள். நான் பார்த்தபோது ரயிலில் கோடு இரண்டாகப் பிரிந்து நடுவில் நகக்கண் அகலத்துக்கு இரும்பு தெரிந்தது. மவுண்ட் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது.

ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு முறை உதைக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால், பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால். அந்த இரண்டாவது உதையைப் பெரிய துப்பாக்கி ஸ்கோப்கள் எதிர்பார்த்துச் செய்யப்படவில்லை. பெரிய துப்பாக்கிக்குத் தாங்குகிறது, இந்தப் பொம்மைக்குத் தாங்காதா என்று சொல்லி எனக்கு ஒருவர் விற்ற ஸ்கோப்பில் மூன்றாவது வாரம் ரெட்டிகிள் கோணலாக நின்றது. கம்பியால் செய்த ரெட்டிகிள், ஒரு முனை விடுபட்டுவிட்டது. கண்ணாடியில் பொறித்த ரெட்டிகிள் அப்படி அறுந்து தொங்காது, அதோடு ஏர் ரைஃபிளுக்கானது என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

ரயிலில் எண்ணெய் இருந்தால் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ரயிலில் ஓட்டை இருந்தால் மவுண்டின் ஸ்டாப் பின் அதற்குள் இறங்க வேண்டும், இறங்கியது போலத் தெரியும், இறங்கியிருக்காது. திருகை இறுக்க அல்லன் கீயின் நீளப் பக்கத்தைத் திருகில் விட்டு, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் திருப்புங்கள். குழாயை நசுக்குகிற அளவு பலம் வேண்டாம்.

அப்புறம் பிடி. ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் விழும். முன் கட்டையை உள்ளங்கையில் சும்மா கிடத்துங்கள், அது தன் இஷ்டத்துக்கு உதைக்கட்டும்.

"கோடு குறியையே மூடுகிறது"

10 மீட்டரில் சின்னப் புள்ளியைச் சுடுகிறவர் தடித்த கோடு ரெட்டிகிள் வாங்கிவிட்டார், வேறொன்றுமில்லை. எந்தத் தூரத்துக்கு எது என்று கேட்டால் நான் சொல்வது: 10 முதல் 25 மீட்டருக்குள் மட்டும் என்றால், ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்த டூப்ளெக்ஸ். லியூபோல்ட் என்கிற ஸ்கோப் கம்பெனி 1962-ல் கொண்டுவந்த வடிவம், மரநிழலில்கூடத் தடித்த கோடு கண்ணை நடுவுக்கு இழுத்துவரும். 50 வரை போவேன் என்றால் மில்-டாட், அதைவிட அரை மில்லுக்கு ஒரு சிறு கோடு போட்டது. கீழே கிறிஸ்துமஸ் மரம் மாதிரி விரியும் ரெட்டிகிள் இந்தத் தூரத்துக்கு அனாவசியம், புள்ளிக் கூட்டத்தில் எதைப் பிடித்தோம் என்றே மறந்துபோகும்.

கீழே 200, 300, 400 என்று எண் போட்ட ரெட்டிகிள் வரும். அந்த எண்கள் ஒரு குறிப்பிட்ட பெரிய தோட்டாவுக்கு, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு. பெல்லட்டுக்கு அவற்றில் உண்மையில்லை. ஆனால் தூக்கிப்போட வேண்டாம், ஜூமை ஓரிடத்தில் நிறுத்தி ஒவ்வொரு கோட்டையும் பிடித்துச் சுட்டு, அது எந்த மீட்டருக்குப் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தால் அதுவே உங்கள் கோடு.

"மதியம் குறி தண்ணீருக்குள் இருப்பது போல ஆடுகிறது"

கானல். சித்திரை, வைகாசியில் பாறைக்கு மேலாகப் பார்த்துச் சுட்டால் 9 மடங்கில் குறி நெளியும். ஜூமை 5, 6-க்குக் குறைத்தால் அடங்கும். ஆனால் அப்போது புள்ளியின் கணக்கு மாறிவிட்டது என்பதை மறக்கக் கூடாது. நான் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவேன்.

சாயங்காலம் இதற்கு நேர்மாறு, கறுப்புக் கோடு கறுப்பு நிழலில் தெரியாது. வெளிச்சம் போடும் ரெட்டிகிள் இருந்தால் இருப்பதிலேயே குறைந்த அளவில் வையுங்கள், கூட்டினால் சிவப்பு பூத்துப் பரவிக் குறியை விழுங்கும். வேலை முடிந்ததும் அணைக்க மறந்தால் அடுத்த ஞாயிறு பேட்டரி செத்திருக்கும்.

நான் லென்ஸ் மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். 10 அரை, 25 பிளஸ், 30 அரை, 35 ஒன்றும் கொஞ்சமும், 40 இரண்டு, 45 மூன்றை ஒட்டி, 50 நாலுக்குச் சற்று முன்னால். கீழே பெல்லட்டின் பெயரும் எடையும், ஒயிட்னர் வைத்த ஜூமும். வேறு பெல்லட் வாங்கினால் 25-ல் மறுபடி ஜீரோ செய்து, டேப்பை விரித்து, ஒவ்வொரு தூரத்திலும் ஐந்தைந்து சுட்டுச் சீட்டை மாற்றி எழுதுவேன். இப்போது ஒட்டியிருப்பது மூன்றாவது சீட்டு. முதல் சீட்டில் 50 என்று எழுதியிருந்ததைப் பெரியப்பா அடித்துவிட்டு நூற்றைம்பது அடி என்று எழுதினார், அதைப் பெல்லட் டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.